அணையாத பச்சை விளக்கு

மேசை விளக்கின் அடியில், மூடி கழற்றிய குட்டி ரிமோட் டாங்கி குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. நேற்றைய இறுதிப் போட்டியில் அது அக்காவின் பேச்சைக் கேட்காமல் இடப்பக்கம் திரும்பி, தம்பியின் டாங்கிக்கு முதுகைக் காட்டித் தோற்றது. ஜன்னலில் மழை தட்டுகிறது. ஈயப் புகை கண்ணைக் கரிக்க, எல்லா ஒயரையும் மறுபடி பற்றவைத்துவிட்டாள். "உன் கைதான்க்கா சொதப்புது. டாங்கி ஓட்டச் சொன்னா கழுதை மேய்க்கிற," என்று தம்பி பிஸ்கட்டை டீயில் நனைக்கிறான். "ஆமாண்டா, என் கைதான் சரியில்ல," என்று அவளும் சிரித்துவிட்டு, தன் ரிமோட்டை அணைத்து வைக்கிறாள். அது அணைந்ததும் டாங்கிக்குள் ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் ரிசீவரின் பச்சை விளக்கு, பேச ஆளில்லை என்று சிமிட்ட வேண்டும். சிமிட்டவில்லை. வேறு யாருடைய ரிமோட்டுக்கோ காது கொடுத்தபடி நிம்மதியாக எரிகிறது. இந்த டாங்கியோடு ஒரு ரிமோட்டை இணைக்கத் தேவையான எண்ணை அவள் ஒருவனிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். "சரிக்கா, கிளம்புறேன்," என்று தம்பி எழுந்து, நாற்காலியில் தொங்கும் பையை இழுத்துத் தோளில் போடுகிறான். பைக்குள் ஏதோ அழுந்துகிறது. மேசைமேல் டாங்கி உறுமி, இடப்பக்கம் திரும்பி, டீ டம்ளரை இடித்துக்கொண்டு நிற்கிறது. பாதித் தோளில் பையோடு அவனும் நிற்கிறான். சிந்திய டீ விளிம்பு வரை போய்ச் சொட்டத் தொடங்குகிறது. அவள் தன் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "என் கை நல்லாத்தான்டா இருந்திருக்கு," என்கிறாள்.