யார் வண்டி எடுக்கிறது?

"இறங்குடா! உன்னைத் தூக்கி இறக்க நான் என்ன கிரேனா?"

காரை ஓட்டிவந்த மெக்கானிக், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினான். உள்ளே டிரைவர், முன்சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வண்டி நின்ற பிறகும் அவன் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

"பஸ் ஓட்டுறவன் பின்சீட்ல உட்கார்ந்து பயந்து சாகுறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றான் சலூன்காரன்.

டிரைவர் மெதுவாக ஒரு காலை வெளியே வைத்தான்.

போன மாதம், பிழைக்க வந்த இந்தக் குளிர்நாட்டில் பனி கொட்டிய ஒரு காலையில், அவன் பஸ் சிக்னலைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போய், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் கம்பளிக் கோட்டை உரசாத குறையாக நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தம்மா வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் தன் வழியே போய்விட்டாள். இவன்தான் இன்னும் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை உதறியது. திங்கட்கிழமை லீவு முடிகிறது. "முடியலைன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா," என்று டிப்போ மேலாளர் சொல்லிவிட்டார்.

எல்லாம் தெரிந்துதான் இந்த இரண்டு பேரும் சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வந்து போர்வையை உருவினார்கள். நகரத்தையே ஒரே நாளில் சுற்றித் தீர்ப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் மாதிரி ஓடினார்கள்.

முதலில் ராட்சச ராட்டினம். உச்சியில் போய் நின்றபோது டிரைவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"டேய், என்னை இறக்கிவிடச் சொல்லுடா!"

"தாராளமா இறங்கு. கதவு அந்தப் பக்கம்."

அடுத்தது கண்ணாடித் தரை போட்ட கோபுரம். காலுக்குக் கீழே எறும்பாய் ஊர்ந்த பஸ்களைப் பார்த்து அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இவர்கள் சிரித்தார்கள்.

'இழவு வீட்டுலயும் இவனுங்க சீட்டுக்கட்டைத் தேடுவானுங்க. இதுல நண்பனாம்!' என்று மனதுக்குள் திட்டினான் டிரைவர்.

மாலையில் பனிச்சறுக்கு மைதானம். டிரைவர் ஒரேயடியாக மறுத்து, வேலிக்கு வெளியே டீயோடு உட்கார்ந்துவிட்டான். அவர்கள் இரண்டு பேரும் புதுமணத் தம்பதி மாதிரி கைகோத்துக்கொண்டு தள்ளாடினார்கள். மெக்கானிக் ஒருமுறை இவனைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடி மல்லாந்து விழுந்தான்.

"ஐயோ! கால் போச்சுடா!"

மைதானத்து ஊழியர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். "ஊரெல்லாம் வழுக்கி விழுந்து கிடக்காங்களாம். நேரமாகும்னு சொல்றாங்க." டாக்சி எதுவும் நிற்கவில்லை.

மெக்கானிக்கைத் தாங்கிக் கொண்டுவந்து பின்சீட்டில் கிடத்திய சலூன்காரன், சாவியை டிரைவரிடம் நீட்டினான்.

"நீ எடு," என்று சாவியைத் திருப்பித் தள்ளினான் டிரைவர்.

"எனக்குக் கத்தரிக்கோல்தான்டா ஓட்டத் தெரியும்!"

பின்சீட்டிலிருந்து இன்னொரு அலறல். டிரைவர் சாவியை வாங்கினான். அது துளையில் நுழைவதற்குள் இரண்டு முறை கீழே விழுந்தது.

வண்டி நகர்ந்தது. சாலை முழுக்கப் பனி. எதிரே வந்த விளக்குகளெல்லாம் தன் மேலேயே பாய்வது போலிருந்தது. நடைபாதையில் நின்ற ஆட்களெல்லாம் அந்தம்மாவின் கோட்டையே போட்டுக்கொண்டு, இதோ இறங்கப் போகிறேன் என்று நின்றார்கள். மெக்கானிக் அலறும்போதெல்லாம் இவன் கை துள்ளி, வண்டி ஒரு ஆட்டம் ஆடியது.

"முடியாதுடா... நான் யாரையாவது கொன்னுடுவேன்!"

"போடா போடா, நல்லாத்தான் போற!" என்றான் பின்சீட்டு ஓரத்தில் ஒண்டியிருந்த சலூன்காரன்.

பாலத்தில் ஏறும்போது பின்னால் சத்தம் சட்டென்று நின்றது. மயங்கிவிட்டானோ? டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். சலூன்காரன் மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஓ! எல்லாம் நாடகமா!

காலையிலிருந்து வேடிக்கை காட்டியது போதாமல் இதுவுமா? என் உயிர் போகிறது, இவர்களுக்கு விளையாட்டு! உள்ளே எரிந்த எரிச்சலில் கைநடுக்கம் போன இடம் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, பின்கதவை ஓங்கித் திறந்தான்.

"நடிச்சது போதும். இறங்கி நட!"

மெக்கானிக் ஒரு காலை ஊன்றினான். அடுத்ததை ஊன்றியவன் அப்படியே இவன் மேல் சரிந்தான். அந்தக் குளிரிலும் அவன் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. கீழுதட்டில் ரத்தம்.

சலூன்காரன் முகம் வெளுத்துப் போனது. "டேய்... நிஜமாவா?"

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

வெளியே பெஞ்சில் சலூன்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "பொய்யா விழுறதாத்தான்டா பேச்சு. உன் கையில ஸ்டியரிங்கைக் கொடுக்க வேற வழி தெரியல. அவன் நடிக்கிறான்னுதான் நானும் நெனச்சேன்."

டிரைவர் உள்ளே ஓடினான். கட்டுப் போட்ட காலோடு மெக்கானிக் படுத்திருந்தான்.

"நடிக்கத்தான்டா விழுந்தேன். ஐஸுக்கு அது தெரியல," என்று இளித்தான்.

"சிரிக்காத! எலும்பு முறிஞ்சிருக்கு, பாதி வழியில கத்துறதை ஏன்டா நிறுத்துன?"

மெக்கானிக் கடிபட்ட உதட்டைத் தடவிக்கொண்டான்.

"நான் கத்துறப்பல்லாம் உன் கை ஆடுச்சு. வாயை மூடினேன். வண்டி நேராப் போச்சு."