மணி சொல்லும் நிரல்

ஊர் உலகமே நம்பியிருக்கும் அந்தக் கட்டற்ற கணினி இயங்குதளத்தின் விலை சைபர். அதில் எந்த மென்பொருள் அதிமுக்கியம் என்று முடிவுசெய்ய, எழுதியவர்கள் கூடியிருந்தார்கள். அவரவர் சரக்கை அவரவர் உச்சியில் ஏற்ற, இருதயராஜ் மட்டும் தன்னுடையதை மட்டம் தட்டினார். மற்ற நிரல்கள் கேட்டால் மணி சொல்லும் பொடி நிரல் அது. தன் கல்யாணப் பந்தலிலும் உட்கார்ந்து அதன் கோளாறைச் சரிசெய்தவர், இன்றோடு அதைத் தலைமுழுக வந்திருந்தார். ஆனால் அதிமுக்கியம் என்று முடிவானதை எழுதியவர், மாற்றாள் தராமல் விலக முடியாது. அது கூட்டத்தின் விதி.

“அது சும்மா ஒட்டிக்கிட்டு கிடக்கு. எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க, ஒண்ணும் குறையாது.”

“சொந்தச் சரக்க மட்டம் தட்டுற வியாபாரிய இப்பத்தாண்ணே பாக்குறேன்,” என்று சிரித்தபடி தலைவி செம்மலர் அதை நீக்கிவிட்டுக் கணினியை முடுக்கினாள். மணி கேட்டுப் பதில் வராமல் அத்தனை நிரல்களும் அப்படியே நின்றன. திரை கறுப்பாகவே இருந்தது.

பையைத் தோளில் மாட்டியிருந்த இருதயராஜை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உக்காருங்கண்ணே.”

உட்கார்ந்தார். செம்மலர் பலகையில் எழுதினாள். நம்பி நிற்பவை: அத்தனையும். பார்த்துக்கொள்பவர்: இருதயராஜ். மாற்றாள்: பாக்கி.