உம் விழாத வரி

அந்தப் பூர்வகுடிகளிடம் ஒரு வழக்கம்: உம் கொட்ட ஆளில்லாமல் கதை சொல்லமாட்டார்கள். உம் விழாத வரி வரலாற்றில் சேராது. தன் ஜனங்களின் வாய்மொழி வரலாற்றை ஒலிப்பதிவு செய்யக் கற்றுவந்த நர்ஸம்மா என்ற பெண்ணோ, வேறு சத்தம் கூடாதென்று பயிற்சியில் சொன்னதைக் கேட்டு, கதவைச் சாத்தி அண்ணியை மட்டும் பேசவைத்தாள்.

மறுநாள் போட்டுக் கேட்டால், வரிக்கு வரி உம் விழுந்திருந்தது.

"நீயாடி கொட்டின?"

"எனக்கேது அண்ணி அந்தக் கட்டைக்குரல்?"

"அப்ப உங்கண்ணன்தான். என்னை எங்க பேசவிட்டார் மனுஷன்!"

அண்ணனை ஆற்றுவெள்ளம் கொண்டுபோய் ஒன்பது வருஷம். உடல் கிடைக்கவில்லை.

பதிவு ஓடியது. ஊர் இடம்பெயர்ந்த கதைக்கு உம். ஆறு பெருகியதற்கும் உம். 'அந்த வெள்ளத்துல அவர் செத்துட்டார்' என்ற வரிக்கு மட்டும் இல்லை. நர்ஸம்மா மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.

"அப்ப அத எழுதாதடி" என்ற அண்ணி, எழுந்துபோய் வாசல்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.