பாட்டுக்குப் பின்னால்

இரண்டாவது அடியில் வேன்காரனின் பல் ஒன்று தெறித்து மைக்கின் மேல் விழுந்தது. அடுத்த அடிக்கு மைத்துனன் மைக் ஸ்டாண்டையே பிடுங்கிக்கொண்டான். இரும்பு ஸ்டாண்டு. அது வலது கையில் இறங்கியபோது இரண்டு விரல்கள் முறிந்தன.

அலறல் வெளியே போகவில்லை. எப்படிப் போகும்? மாடியில் இருந்த அந்தச் சின்ன அறையின் சுவரெல்லாம் பழைய போர்வை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் மனுஷன், ஓட்டாத நேரத்தில் பாடிப் பதிவு செய்வதற்காகத் தானே ஆணியடித்துத் தொங்கவிட்டது. உள்ளே ஆளைத் தோலுரித்தாலும் தெருவுக்குத் தெரியாது.

"நான்தான் தள்ளினேன்னு சொல்லுடா," என்றான் மைத்துனன்.

பதினோரு நாளைக்கு முன்னால் வேன்காரனின் மனைவி இந்த அறை வாசல் படிக்கட்டில் உருண்டு விழுந்து செத்துப்போனாள். கழுத்தில் விரல் தடம். வீட்டில் இருந்தது புருஷன் ஒருவன்தான். போலீஸ் வேறு யாரைப் பிடிக்கும்? வைத்து விசாரித்துவிட்டு, சாட்சி எதுவும் சிக்காமல் இன்று காலையில்தான் அவனை வெளியே விட்டிருந்தார்கள்.

கேள்விப்பட்டதும், அப்பா இரண்டு பிள்ளைகள் பேரிலும் எழுதிவைத்த கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்துவிட்டான் மைத்துனன். கூடப்பிறந்தவன் என்று அவளுக்கு இருந்தது இந்த அண்ணன் ஒருவன்தான். வயிறு எரியாதா?

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். காதுல ஹெட்ஃபோன் மாட்டிட்டுப் பாடிட்டிருந்தேன்." வாயிலிருந்து வார்த்தையோடு ரத்தமும் வந்தது.

"குக்கர் மூணு விசில் அடிச்சு ஓய்ஞ்சுது, அவ அந்தக் கதறு கதறினா. ஒண்ணுமே உன் காதுல விழலை?"

சொல்லிக்கொண்டே விலாவில் ஓர் உதை. பிறகு தரையில் கிடந்த மைக் வயரை எடுத்து அவன் கழுத்தில் சுற்றி, முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தான். கண் பிதுங்கியது. தள்ளியதாக ஒப்புக்கொண்டால் உயிரோடு விடுகிறேன், இல்லையென்றால் தங்கச்சி போன இடத்துக்கே அனுப்பிவைக்கிறேன் என்றான்.

செய்யாததை எப்படிச் சொல்வது? வேன்காரன் இடது கையால் தரையைத் தட்டித் தட்டி மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினான். வயர் கொஞ்சம் தளர்ந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அன்று பாடிய பாட்டைப் போலீசுக்குப் போட்டுக் காட்டியபோது வரிகளுக்கு நடுவே ஒரு சத்தமும் இல்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது என்று அவர்களும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் பாட்டில் இரைச்சலை அடக்க 'கேட்' என்று ஒரு பிளக்-இன், ஒரு சின்ன மென்பொருள், போட்டிருந்தான். குரல் வந்தால் கதவைத் திறக்கும், குரல் நின்றால் சாத்திவிடும். பதற்றத்தில் அதை எடுக்காமலே போட்டுத் தொலைத்திருக்கிறான்.

"கேட் எதையும் அழிக்காது மச்சான், மூடித்தான் வைக்கும். இன்னைக்கு வந்து உட்கார்ந்தப்புறம்தான் எனக்கே உறைச்சுது. அன்னைக்கு எவன் வந்தான்னு உள்ள அப்படியே இருக்கும்."

மைத்துனனின் கை அப்படியே நின்றது.

"போலீஸ்ல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லை. முதல்ல நீங்க கேட்கணும். நீங்க நம்பினாப் போதும் எனக்கு."

"காப்பி வேற எங்கயாவது இருக்கா?"

இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் என்றான் வேன்காரன்.

"போடு."

கழுத்தில் வயர், வயரின் இரண்டு முனையும் மைத்துனன் கையில். அந்தக் கோலத்தில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இடது கையால் மவுஸைப் பிடித்தான். எல்லாமே இணையத்தில் சும்மா கிடைத்த பிளக்-இன்கள். ஓசியில் கிடைத்தால் விஷத்தையும் இறக்குவியா என்று அவள் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்.

முதலில் கேட்டை எடுத்தான். ஈக்யூவில் ஃபேனின் உறுமலை வெட்டினான். கம்ப்ரஸரைப் போட்டுச் சின்னச் சத்தங்களை எல்லாம் மேலே இழுத்தான். பாவி மனுஷனுக்கு அந்த வலியிலும் ஒரு சந்தோஷம். கொலைகாரன் என்று தெருவே காறித் துப்புகிறது. ஐந்தே நிமிஷத்தில் மச்சானாவது நம்பிவிடுவார். அதன்பிறகு எவன் என்ன சொன்னால் என்ன?

ஓடவிட்டான். பல்லவி முடிந்தது. போலீசுக்குச் சூனியமாக இருந்த இடத்தில் இப்போது முழு வீடும் கேட்டது. ஒரு காக்கை. கீழே குக்கர் விசில், ஒன்று, இரண்டு, மூன்று. படியேறி வரும் செருப்புச் சத்தம். அறை வாசலிலேயே யாரோ இழுபடுகிற சத்தம், வளையல் உடைகிற சத்தம், ஒரு ஆணின் மூச்சு. அப்புறம் அவளுடைய திணறல்.

"அவதான் மச்சான். கேட்குதா?" வேன்காரன் விம்மி விம்மி அழுதான். கதவுக்கு இந்தப் பக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தோமே என்று நெஞ்சு வெடித்தது.

கழுத்தில் வயர் இறுகியது. கூடப்பிறந்தவள் சாகிற சத்தத்தை எந்த அண்ணன்தான் தாங்குவான் என்று நினைத்துக்கொண்டான் வேன்காரன். அந்த இறுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காக வால்யூமை இன்னும் ஒரு படி ஏற்றினான்.

ஸ்பீக்கரில் அவள் குரல் தெளிவாக வந்தது.

"கழுத்தை விடுண்ணா, கையெழுத்துப் போட்டுடறேன்."