சண்டைச் செலவு

ஊர்க்கூட்டத்தில் சென்னப்பன் எழுந்து நின்றதுமே ராஜப்பனுக்கு எரிச்சல் மூண்டது.

"சண்டைய நிறுத்தக் கூடாது. ஊர்ப் பணத்துல இன்னும் முந்நூறு ஒதுக்குங்க" என்றார் சென்னப்பன்.

சாவடி ஓவென்று இரைந்தது. ஏரி மதகு யாருக்கு என்று அக்கரை ஊரோடு மூன்று வருஷமாகச் சண்டை. கோர்ட்டில் வழக்கு, கரையில் கைகலப்பு. தடியோடு முன்னால் போன கூலியாள் ஆஞ்சப்பனும் இன்னும் இரண்டு பேரும் பிடிபட்டுக் கிருஷ்ணகிரி ஜெயிலுக்குப் போனார்கள். பொதுப் பணம் பூராவும் வக்கீலுக்குப் போயிற்று. இத்தனைக்கும் இரண்டு வருஷமாக மழையே கிடையாது. ஏரிக்குள் ஆடு மேய்ந்தது.

"தண்ணியே இல்லாத ஏரிக்கு மதகு எதுக்கு மாமா? ஆட்டுக்குத் தொறந்து விடறதுக்கா?" என்று ராஜப்பன் கேட்டான்.

வெளியே நின்ற ஜனம் சிரித்தது. அந்தத் தெம்பில் ராஜப்பன் மடை திறந்த மாதிரி பேசினான். சமாதானத்தைப் பற்றி, பாழாய்ப்போன உறவுகளைப் பற்றி, இரண்டு ஊரும் சேர்ந்து நடத்திய திருவிழாவைப் பற்றி.

அவனுக்கு வேறொரு தவிப்பும் இருந்தது. மகள் பூவம்மாள் வாழ்க்கைப்பட்டது அக்கரையில்தான். வயிற்றில் தலைச்சன் பிள்ளை, ஏழு மாதம். இரண்டு ஊருக்கும் போக்குவரத்து அற்றுப்போனதால் பிரசவத்துக்குத் தாய் வீடு வர வழியில்லை. இன்று பணத்தை மறித்துவிட்டால் சண்டை தானாகப் படுத்துவிடும்.

சென்னப்பன் அங்கேயே கை வைத்தார்.

"மக கையில வளையல் போடணும்னு ஊர் மானத்த விக்கச் சொல்றான் நம்ம மாப்ள."

"மானத்த உலையில போட்டா சோறாவுமா?" என்று வெளியே ஜனத்தோடு நின்ற சென்னம்மா கேட்டாள். மறுபடியும் சிரிப்பு, கூச்சல், ஒருவர் மேல் ஒருவர் விரல் நீட்டல்.

எலெக்‌ஷன் வந்த பிறகு ஊர்க்கூட்டத்திலும் கை தூக்கி எண்ணுவது வழக்கமாகியிருந்தது. எண்ணினார்கள். உள்ளே உட்கார்ந்த ஒன்பது பஞ்சாயத்தாரில் பணம் கொடுக்க நாலு கை. கூடாது என்று நாலு கை. மிச்சம் தலைவர் நாராயணப்பன். பதற்றம் வந்தால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். இந்தப் பக்கம் பார்த்து "சரே, சரே" என்று ஆமோதித்தார்; அந்தப் பக்கம் பார்த்தும் அதையே சொன்னார். கடைசியில், நீங்களே பேசி ஒரு வழிக்கு வாருங்கள் என்று கும்பிட்டுவிட்டார்.

சென்னப்பன் ராஜப்பனைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"இதான் கடைசிப் பணம். இதக் குடுத்துடு. வெள்ளிக்கிழம சமாதானம் பேச நீ அக்கரைக்குப் போ. நானும் கூட வரேன்."

"சமாதானத்துக்குப் பணம் எதுக்கு மாமா?"

"வெறுங்கையோட போனா பயந்து வந்துட்டான்னு சொல்லுவான். மடியில காசு வெச்சிக்கினுதான் சமாதானம் பேசணும்."

கேடு கெட்ட பேரம் என்றுதான் ராஜப்பனுக்குப் பட்டது. சண்டை வேண்டாம் என்று முழங்கிய வாயால் சண்டைக்குப் பணம் கொடு என்பதா? ஆனால் பூவம்மாளின் முகம் கண்ணில் வந்து நின்றது. பணம் எந்த வக்கீல் கைக்குப் போகிறதென்று தானும் கூட வந்து பார்ப்பேன் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். சென்னப்பன் சற்றுத் தயங்கி, வா என்றார்.

ராஜப்பன் கை தூக்கினான். அவனைப் பார்த்து மற்றக் கைகளும் எழுந்தன. கடைசிப் பணம், வெள்ளிக்கிழமை சமாதானம் என்று நாராயணப்பன் அறிவித்ததும் வெளியே விசில் பறந்தது. யாரோ தப்பட்டையைக் கொண்டுவந்து தட்டினார்கள். சென்னம்மா கூட ஒரு சுற்று ஆடினாள்.

மறுநாள் மத்தூரில் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரியில் இறங்கினார்கள். வக்கீல் வீட்டுச் சந்து வந்தது. சென்னப்பன் திரும்பவில்லை. நேரே நடந்து கோர்ட்டு ஆபீஸுக்குள் நுழைந்து, மடியை அவிழ்த்துப் பணத்தைக் கட்டினார்.

பொழுது சாய்வதற்குள் ஜெயில் கதவு திறந்தது. ஆஞ்சப்பன் வந்தான், பின்னால் அந்த இரண்டு பேர். அபராதம் கட்ட வக்கில்லாமல், தண்டனைக் காலம் முடிந்தும் உள்ளே கிடந்தவர்கள். ஆஞ்சப்பன் இளைத்துப் பாதியாகியிருந்தான். இருவரையும் கும்பிட்டான்.

"மதகு நமக்கு வந்துட்சா சாமி?"

சென்னப்பன் பஸ் ஸ்டாண்டைக் காட்டி முன்னால் நடந்தார். நேற்று அத்தனை நேரம் பேசியதில் இவன் பெயர் ஒரு தடவையாவது தன் வாயில் வந்ததா என்று ராஜப்பன் தேடிப் பார்த்தான். வரவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ராஜப்பன் கேட்டான்.

"இவங்கள வெளிய எடுக்கத்தான்னு கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா. சண்டைன்னு எதுக்குப் பொய் சொன்ன? நானே மொதக் கை தூக்கியிருப்பனே."

சென்னப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

"போன அமாவாசக் கூட்டத்துல அதத்தான் மாப்ள கேட்டேன். சோத்துக்கு நேரமாச்சுன்னு மொதல்ல துண்ட ஒதறி எழுந்தவன் நீதான்."