மூன்றாம் சாட்சியின் சிரிப்பு

நீதிமன்றப் பதிவுகளை யாரும் கேட்கலாம். ஆனால் சாட்சிகளின் பெயரும் குரலும் மாற்றப்பட்டிருக்கும். அதுதான் சட்டம். தெரிந்தும் இன்பராஜ் நீதிமன்றப் பதிவறைக்கு வந்தான். இறந்துபோன மனைவி தேன்மொழியின் குரல் வேறெங்கும் மிச்சமில்லை. அண்டை வீட்டு ஆடு மாடித்தோட்டத்தை மேய்ந்த வழக்கில் அவள் மூன்றாம் சாட்சி.

ஹெட்போனில் கனத்த ஆண்குரல் ஒன்று அவளுக்காகப் பேசியது. அவன் முகம் வாடியது.

வக்கீல் கேட்டார்: "வெண்டையை மட்டும் ஆடு ஏன் விட்டுச்சு?"

"அத ஆட்டக் கூப்பிட்டுத்தாங்க கேக்கணும்!"

சொல்லிவிட்டுச் சாட்சி சிரித்தாள். விக்கலில் போய் முடியும் தேன்மொழியின் அதே சிரிப்பு. சட்டத்தில் சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை; அதை யாரும் மாற்றவில்லை.

"என்ன சார், தனியா சிரிக்கிறீங்க?" என்றார் பதிவறைப் பெண் ஊழியர்.

இன்பராஜ் ஹெட்போனைக் கழற்றி நீட்டினான். "எல்லாருக்கும் பொதுதானேம்மா, நீங்களும் கேளுங்க!"