கார்டு இல்லன்னா கதவு இல்ல

கழுத்தில் கார்டு தொங்காத மனுஷனைக் கண்டாலே கதிர்வேலுக்கு ஆகாது. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அந்த நிதி நிறுவனத்தில் சர்வர், நெட்வொர்க், அதுகளோட பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான் ப்ராஜெக்ட் மேனேஜர்.

சிதம்பரம் தலைமை ஆபீஸிலிருந்து பவானி மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இந்த வாரம் ஒரு போலித் திருடனை அனுப்புவோம், அவன் சர்வர் ரூம் வரைக்கும் போய்விட்டால் நீங்கள் ஃபெயில் என்று.

கதிர்வேல் விடுவாரா? எல்லாரையும் கூட்டிவைத்துக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"என் சொந்த மச்சானே வந்தாலும் கார்டு இல்லன்னா கதவு இல்ல. தொறந்து விட்டவங்க அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

வியாழக்கிழமை மதியம் பார்த்தால், சர்வர் மேலேயே ஒரு ஸ்டிக்கர். 'வந்தேன், பார்த்தேன், போனேன். இப்படிக்கு, திருடன்.'

கதிர்வேலுக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே வர இருக்கும் ஒரே வாசல் கதவு திறக்க ரெண்டே வழிதான். ஒன்று கார்டு. இன்னொன்று செக்யூரிட்டி தங்கராசு மேஜையில் இருக்கும் பட்டன். புது கேமராவுக்கு இன்னும் பில் பாஸாகவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, பட்டன்தான் என்று.

சாயங்காலம் பவானி மேடமே காரில் வந்து இறங்கினார். மீட்டிங் ரூம் முழுக்கப் பலாப்பழ வாசனை. யாரோ அண்ணாகிராமத்திலிருந்து மேடத்துக்கென்று கொண்டுவந்த பழமாம். கதிர்வேல் தன் கையாலேயே சுளை எடுத்துத் தட்டில் வைத்து, தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"தங்கராசு, பட்டனை அமுக்கினது யாரு?"

தங்கராசு தலை குனிந்துகொண்டார். பெண்ணை நர்ஸிங் படிக்க வைப்பதே இந்த வேலையை நம்பித்தான்.

"நாந்தாங்க சார்."

"பாத்தீங்களா மேடம்? எத்தனை தடவ சொன்னாலும் இவங்களுக்கெல்லாம் மண்டையில ஏறாது. இன்னைக்கே அனுப்பிடலாம்."

அந்த நேரத்தில்தான் போலித் திருடன் அறிக்கை கொடுக்க உள்ளே வந்தான். வந்தவன் முதலில் தட்டைப் பார்த்தான். அப்புறம் கதிர்வேலைப் பார்த்துச் சிரித்தான்.

"பழம் நல்லா இனிப்பா இருக்கா சார்?"

கதிர்வேலுக்கு வாயிலிருந்த சுளையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"மேடம், ரெண்டு கையிலயும் பலாப்பழத்தத் தூக்கிக்கிட்டு வந்தேன். இந்த அண்ணன் கார்டு இல்லாம விடவே மாட்டேன்னு வெயில்ல நிக்க வெச்சிட்டாரு. அப்ப சார் வந்தாரு. இவரத் திட்டிட்டு, பட்டனை அவரே அமுக்கி, 'படி இருக்கு, பாத்துப் போங்க'ன்னு அனுப்பி வெச்சாரு."

பவானி மேடம் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார்.

"தங்கராசு, அப்புறம் ஏன் நீங்க தொறந்ததா சொன்னீங்க?"

"தொறந்தவங்க வீட்டுக்குப் போகணும்னு சாரே சட்டம் போட்டுட்டாரு மேடம். சார் கைக்கொழந்தக்காரரு, பாவம், எங்க போவாரு?" என்று தயங்கினார் தங்கராசு. "அதுவுமில்லாம, காலையில சார் என்னைத் திட்டினதே அதுக்குத்தான். செக்யூரிட்டியா இருந்தாலும் கொஞ்சமாவது மனுஷத்தன்மை வேணும்யான்னு."